சத்தியநேசன் காரில் கேட்ட அறிவிப்பு

சத்தியநேசன் இன்றைக்கும் உயிரோடு இருக்கிறார். சிதறால் மலைக்குப் போகும் ரோட்டில், சர்ச்சுக்கு இந்தப் பக்கம், நீலக் கேட் போட்ட வீடு. மைக் செட்காரர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்டுவார்கள். போய்ப் பார்க்கலாம். ஆனால் இந்த விஷயத்தை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். அவர் ஒரே ஒரு தடவைதான் சொன்னார், முழுதாக, அழாமல். அவர் சொன்னதையும், அவர் மனைவி தேவகனி சொன்னதையும், ஒரு டாக்சி டிரைவர் சொன்னதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். நானாகக் கூட்டியது ஒன்றும் இல்லை. கூட்ட வேண்டிய தேவையும் இல்லை.

எங்கள் பக்கத்தில் ஒருவர் இறந்தால் வாட்ஸ்அப்பில் போட்டால் மட்டும் போதாது. மைக் கட்டிய வண்டி ஊர் ஊராகப் போய்ச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் தூரத்துச் சொந்தக்காரர்கள் "எங்களுக்கு ஆரு சொன்னா?" என்று அடக்கத்துக்கு வராமல் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். அந்த அறிவிப்பு வேலைதான் சத்தியநேசனுக்கு. சின்ன வயதிலிருந்தே அதுதான். அருமனை, திற்பரப்பு, குலசேகரம், பேச்சிப்பாறை வரைக்கும் அவர் குரல் தெரியாத வீடு கிடையாது. சும்மா மீன் வாங்கச் சந்தைக்குப் போனால்கூட மீன்காரிகள் கூடையிலிருந்து தலை தூக்கி, "இன்னைக்கு ஆராக்கும்?" என்று கேட்பார்கள். "இன்னைக்கு ஆருமில்ல, சாளைதான் வேணும்" என்பார்.

அந்த அறிவிப்புக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் ஊர், வீட்டுப் பெயர். பிறகு ஆள் பெயர், வயது. பிறகு உறவுகள். கடைசியில் அடக்கம் எந்த ஆலயத்தில், எத்தனை மணிக்கு. இதில் ஆபத்தான இடம் உறவுகள்தான். அப்பா அம்மா, வீட்டுக்காரி, பிள்ளைகள் என்று வரிசையாகப் பெயர் வரும்போது, அதில் யார் ஏற்கெனவே இறந்துபோனவர்களோ அவர்கள் பெயருக்கு முன்னால் 'காலஞ்சென்ற' என்று சேர்க்க வேண்டும். மாறிப் போனால் கதை கந்தல்.

இன்னொரு மைக் செட்காரர் ஒருமுறை உயிரோடு இருந்த ஒரு மாமனாரைக் காலஞ்சென்றவர் ஆக்கிவிட்டார். அந்த மாமனார் அப்போது துட்டி வீட்டில், சாவு நடந்த அந்த வீட்டுப் பந்தலில்தான், நாற்காலி போட்டு உட்கார்ந்து கட்டன் சாயா குடித்துக்கொண்டிருந்தார். வாசலைத் தாண்டிப் போன வண்டியின் சத்தம் காதில் விழுந்தது. டம்ளரோடு ரோட்டுக்கு ஓடி வந்து வண்டியை மறித்தார். "ஏலே, நான் எப்பம்லே செத்தேன்? எனக்கே தெரியாதே." ஊர் இன்னும் அதைச் சொல்லிச் சிரிக்கிறது.

அதனால் சத்தியநேசன் துட்டி வீட்டுக்குள் போனதும் கேட்கும் கேள்வி, "இதில ஆரெல்லாம் இல்ல?" ஒருவரிடம் கேட்டுவிட்டு, இன்னொருவரையும் கூப்பிட்டுக் கேட்பார். படிக்கும்போதும் 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு மூச்சு நிறுத்துவார். குரல் கொஞ்சம் இறங்கும். அது அவருக்கு மட்டுமே உள்ள பழக்கம். வேலை செய்துகொண்டே கேட்கிறவர்களுக்குக்கூட, இப்போது இறந்தவர் பெயர் வரப்போகிறது என்று தெரிந்துவிடும்.

அந்த நிறுத்தத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி கார். சத்தியநேசனுக்கும் தேவகனிக்கும் ஒரே பிள்ளை ஜினி. மஸ்கட்டில் நர்ஸ். அப்பா பழைய ஜீப்பில் மலை ரோட்டில் நனைந்துகொண்டு சுற்றுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. லீவில் வந்தபோது புதுக் கார் எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். நடுவில் பெரிய டச் ஸ்கிரீன், நாலு கதவிலும் ஸ்பீக்கர். போனைக் கையில் எடுக்காமலே பேசலாம். முதல் நாள் காரில் உட்கார்ந்தபடியே மஸ்கட்டுக்குப் பேசினார்.

"அப்பா, இதில நல்ல பாட்டு கேளுங்க. எப்பவும் சாவையே கேட்டுட்டு இருக்காதீங்க."

"சாவு கேக்கிறது வெளிய நிக்கிறவங்களாக்கும் மக்களே. நான் உள்ளல்லா இருக்கேன்."

அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பு நாலு கதவிலிருந்தும் வந்தது என்று பிறகு சொன்னார்.

காரின் மேலே கேரியரில் இரண்டு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருந்தார். பின் சீட்டில் ஆம்ப்ளிஃபயர். அதற்குத் தனி பேட்டரி. அறிவிப்பைப் போனில் பதிவு செய்து, போனிலிருந்து ஒரு ஒயரை ஆம்ப்ளிஃபயரில் குத்திவிடுவார். அது திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டே போகும். அந்த ஆம்ப்ளிஃபயருக்கும் காரின் ஆடியோவுக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. ஒரு ஒயர்கூட இல்லை.

போன வருடம் ஜூனில், இடவப்பாதி மழை பிடித்திருந்த நேரம். பேச்சிப்பாறைப் பக்கம் ஒரு அறிவிப்பை முடித்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். மத்தியானம்தான். ஆனால் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருட்டிக் கிடந்தது. ஆம்ப்ளிஃபயரை அணைத்தாயிற்று. போன் சார்ஜ் தீர்ந்து சட்டைப் பையில் செத்துக் கிடந்தது. வைப்பர் மட்டும் டக்… டக்… என்று போய்க்கொண்டிருந்தது.

ஸ்கிரீன் தானாக எரிந்தது.

புளூடூத் குறி. பாட்டின் பெயர் வரவேண்டிய இடம் காலி. நேரம் ஓடவேண்டிய இடத்தில் வெறும் சைபர்கள். அவை ஓடவில்லை.

கர்ர்ர்ர்… என்று ஓர் இரைச்சல். பிறகு ஒரு குரல்.

"மரண அறிவிப்பு…"

அவருடைய குரல். அவ்வளவுதான் சொன்னது. ஸ்கிரீன் அணைந்தது.

காலையில் பதிவு செய்தது எங்கேயோ தங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார். இந்த மாதிரிப் பெட்டிகளில் என்னவெல்லாமோ நடக்கும். ஆனால் வீட்டுக்கு வந்து கை கழுவும்போது ஒன்று உறைத்தது. காலையில் அவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காரில் கேட்ட குரலில் அந்தக் கட்டு இல்லை. தெளிவாக இருந்தது. தெளிவாக, ஆனால் கொஞ்சம் தளர்ந்து… வயதான ஒருவர் மெதுவாகப் படிப்பதுபோல.

அடுத்தது ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து தேவகனியை ஏற்றிக்கொண்டு வந்தார். கேட் பக்கம் வரும்போது ஸ்கிரீன் எரிந்தது. அதே கர்ர்ர்.

"மரண அறிவிப்பு… சிதறால், புன்னவிளை வீட்டைச் சேர்ந்த சத்தியநேசன்… வயது…"

வயது வரவேண்டிய இடத்தில் இரைச்சல் பெரிதாக எழுந்து எல்லாவற்றையும் மூடிவிட்டது.

தேவகனி அவர் முகத்தைப் பார்த்தார்.

"இதென்ன கூத்து? உங்களுக்க சாவ நீங்களே படிச்சு வச்சிருக்கியளா?"

"நான் ஒண்ணும் படிக்கல்ல."

"பின்ன ஆரு படிச்சா?"

"சும்மா கேளு பிள்ளே. என்னப் பத்தி நல்லதாக்கும் வரும்."

"நாக்க அறுத்துருவேன். கோயிலுக்குப் போயிட்டு வார வழியில பேசுத பேச்சா இது?"

அவருக்குப் பயமே வரவில்லை. எத்தனையோ பேர் சாவை வாயால் சொன்ன மனிதர். தன்னுடையதும் ஒரு நாள் வரும் என்பது அவருக்குப் புது விஷயம் இல்லை. சாயாக் கடையில் சொல்லிச் சிரித்தார். "எனக்குள்ளத நானே படிச்சாச்சு. இனி ஒருத்தனையும் கூப்பிடண்டாம்."

பிறகும் இரண்டு மூன்று தடவை வந்தது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கூடுதலாக வந்தது. பெயர். வயது என்ற இடத்தில் தவறாமல் அந்த இரைச்சல். பிறகு அவருடைய அப்பா அம்மா பெயர். அவர்கள் இறந்து பல வருடம் ஆகிவிட்டது. அந்தப் பெயர்களுக்கு முன்னால் அந்த மூச்சு நிறுத்தம் அச்சு மாறாமல் இருந்தது. பிறகு, "தேவகனியின் கணவரும்…" அங்கே நிறுத்தம் இல்லை. அதோடு அறுந்துபோயிற்று.

"பாத்தியா, எனக்குப் பிறகும் நீ இருப்ப" என்று தேவகனியிடம் சொன்னார்.  மறுநாள் தேவகனி காரை மெக்கானிக்கிடம் கொண்டுபோகச் சொல்லிப் பிடிவாதம் பிடித்தார்.

மார்த்தாண்டத்தில் கார் ஆடியோ வேலை பார்க்கும் லிஜின் என்று ஒரு பையன். பெட்டியைக் குத்தினான், திறந்தான், லேப்டாப்பில் மாட்டினான்.

"மாமா, இதில ஒரு பதிவும் இல்ல."

"அப்பம் எங்கேருந்து வருது?"

"சாஃப்ட்வேர் பிரச்சனையா இருக்கும். பெட்டிய கழத்தி இஞ்ச வச்சிட்டுப் போங்க. அப்டேட் செஞ்சு நாளைக்கு மாட்டித் தாறேன்."

கழற்றி எடுத்தான். ஸ்கிரீன் இருந்த இடத்தில் வெறும் பொந்து. உள்ளே நாலைந்து ஒயர்கள் தொங்கின. அவற்றின் நுனியில் டேப் சுற்றிவிட்டான்.

சத்தியநேசன் அந்தப் பொந்தோடு காரை எடுத்துக்கொண்டு கிளம்பினார். மழை விட்டு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் விட்ட நேரம். பிள்ளைகள் ரோட்டோரம் கும்பல் கும்பலாகப் போய்க்கொண்டிருந்தார்கள். ஒருத்தன் ஈரச் சாக்ஸைக் கழற்றி இன்னொருத்தன் மேல் எறிந்தான். இவர் சிரித்தார்.

கர்ர்ர்ர்…

பொந்தைப் பார்த்தார். ஒயர்கள் லேசாக ஆடின. டேப் அப்படியே இருந்தது.

சத்தம் கதவுகளிலிருந்து வந்தது.

"மரண அறிவிப்பு. சிதறால், புன்னவிளை வீட்டைச் சேர்ந்த சத்தியநேசன். வயது…" கர்ர்ர்ர். "…காலஞ்சென்ற யோவான், காலஞ்சென்ற ஞானபாய் ஆகியோரின் மகனும்… தேவகனியின் கணவரும்…"

பிறகு…

ஒரு நிறுத்தம்.

அவருடைய நிறுத்தம்.

மூச்சு உள்ளே போகிற சத்தம்கூடக் கேட்டது.

"வேண்டாம்" என்று வாய்விட்டுச் சொன்னார்.

குரல் இறங்கியது.

"…காலஞ்சென்ற ஜினியின் தகப்பனாருமான…"

யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள். ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. "மாமா, பின்னால பஸ்ஸு நிக்குது. வண்டிய எடுங்க." கார் நடுரோட்டில் நின்றிருந்தது. எப்போது பிரேக் பிடித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. ஹார்ன் சத்தம் அப்போதுதான் காதில் விழுந்தது.

ஓரமாக நிறுத்திப் போனை எடுத்தார். ஜினி நம்பரை அமுக்கினார். மணி அடித்துக்கொண்டே போனது. கடைசியில் எடுத்தாள்.

"என்னப்பா, டியூட்டியில இருக்கேன்."

"சாப்பிட்டியா மக்களே?"

"இதக் கேக்கவா கூப்பிட்டீங்க? சத்தம் ஒரு மாதிரி இருக்கே."

"மழையில நனஞ்சேன். அதாக்கும்."

"தல தொவத்துங்க. வைக்கேன்."

போன் அடங்கிய பிறகும் அதைக் காதிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

யோசிக்க யோசிக்க ஒன்று மட்டும் தெளிவாகத் தெரிந்தது. அது அவருடைய அறிவிப்பு. அது ஊரில் படிக்கப்படும் நாளில் ஜினி இருக்கமாட்டாள். அதற்கு முன்பே போயிருப்பாள். நாளைக்கா, அடுத்த மாதமா, சொல்லவில்லை. எத்தனையோ வீட்டில் "ஆரெல்லாம் இல்ல?" என்று கேட்டவர், அந்தக் கேள்வி தன் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். தேவகனியிடம் சொல்ல வாய் வரவில்லை. ஜினியிடம் எப்படிச் சொல்வது?

ராத்திரி தூக்கம் வராமல் கிடந்தபோது சாயா டம்ளரோடு ரோட்டுக்கு ஓடி வந்த அந்த மாமனார் ஞாபகத்துக்கு வந்தார். எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

அறிவிப்பு தப்பாகவும் போகும்.

ஜினி உயிரோடு இருக்கும்போதே தான் போய்விட்டால்? அப்போது அவள் பெயருக்கு முன்னால் அந்தச் சொல்லைப் போட முடியாது. யார் படித்தாலும் போட முடியாது. காரில் கேட்டது பொய்யாகிவிடும். அவள் பிழைத்துக்கொள்வாள்.

அந்த எண்ணம்தான் அவரைப் பிடித்துக்கொண்டது.

அது நடந்து கொஞ்ச நாளில் ஏற்றம் ஏறும்போது நெஞ்சு அடைத்தது. தேவகனி விடாமல் நாகர்கோவிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். மூன்று அடைப்பு, தள்ளிப்போடாமல் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்னார். செய்தால் நன்றாக இருக்கலாம், செய்யாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்றார். டாக்டர் சொல்லி முடித்ததும் சத்தியநேசன் முகத்தில் ஒரு நிம்மதி வந்ததாம். தேவகனி அதைப் பார்த்தார். காரணம் அப்போது புரியவில்லை.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம்."

"எதுக்கு வேண்டாம்? பேடியா?" என்று வெளியே வந்து கேட்டார் தேவகனி.

"பேடியில்ல. எனக்கு ஒரு பயமும் இல்ல."

"பின்ன என்ன?"

"நேரம் வந்தா போவணும். அவ்வளவுதான்."

"அப்பம் நான்? எனக்க காரியம்?"

அவர் டாக்டர் சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜினி தினமும் கூப்பிட்டாள். கெஞ்சினாள், திட்டினாள்.

"அப்பா, நான் தினமும் இதே ஆபரேஷன் செஞ்சவங்களத்தான் பாக்கேன். எழும்பி நடந்து வீட்டுக்குப் போறாங்க. நீங்க எதுக்கு இப்படிப் பிடிவாதம் பிடிக்கீங்க?"

"எனக்கு வேண்டாம் மக்களே."

"சரி. நான் லீவு போட்டு வாறேன். வந்து தூக்கிட்டுப் போய்ப் படுக்க வைக்கேன்."

"வரப்பிடாது."

அப்படி ஒரு குரலில் அவளிடம் அவர் பேசியதே இல்லை.

"நான் செத்தாலும் ஓடி வரப்பிடாது. பிளேன்ல ஏறப்பிடாது, வண்டியில ஏறப்பிடாது. இருக்கிய இடத்தில இரு. கேட்டியா?"



"நான் என்னப்பா தப்பு செஞ்சேன்?" என்று கேட்டாள்.

அவர் போனை வைத்துவிட்டார்.

அந்த நாட்களில் கார் பேசவே இல்லை. லிஜின் பெட்டியைத் திரும்ப மாட்டிவிட்டான். பாட்டு நன்றாகப் பாடியது. ஆனால் சத்தியநேசன் பாட்டு கேட்க உட்காரவில்லை. முற்றத்தில் நின்ற காருக்குள் போய், கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்கிரீனைப் பார்த்தபடி இருப்பார். ஒருக்கா கூடச் சொல்லு என்று அதனிடம் கேட்பார். அந்த நிறுத்தம் இல்லாமல் ஜினி பெயரை ஒரே ஒரு தடவை சொன்னால் போதும். தன் யோசனை சரி என்று தெரிந்துவிடும்.

ஒன்றும் வரவில்லை.

ஒரு நாள் மட்டும், கதவைத் திறந்து இறங்கும்போது, பின்னால் மெதுவாக மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது.

சொல் வரவில்லை. மூச்சு மட்டும்.

ஒரு காலையில் கேரியரில் குழாய் ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். தேவகனி ஓடி வந்தார். மடியில் தலையை எடுத்து வைத்தபோது அவர் சிரித்துக்கொண்டிருந்தாராம்.

"ஜினி இருக்காளா?"

"மஸ்கட்ல இருக்கா. பேசாதீங்க."

"இருக்கால்லா… போதும்."

அதோடு நினைவு தப்பிவிட்டது.

பிறகு தேவகனி செய்தது யாராக இருந்தாலும் செய்வதுதான். ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்குச் சம்மதம் சொன்னார். மகளுக்குப் போன் செய்தார். "அப்பா கிடக்கிய கிடப்பு சரியில்ல மக்களே. சொன்னத எல்லாம் மனசில வைக்காத. வந்துரு."

சத்தியநேசன் கண் திறந்தபோது நெஞ்சில் கட்டு. வாயில் குழாய் இருந்த வலி. மேலே வெள்ளை விளக்கு.

"ஐயா, ஆபரேஷன் நல்லா முடிஞ்சிருக்கு" என்றாள் நர்ஸ்.

அவர் அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

தேவகனி உள்ளே வரவில்லை. தேவகனி எங்கே என்று சத்தியநேசன் கேட்டுக்கொண்டே இருந்தார். யாரும் வரவில்லை. சாயங்காலம் சபைப் போதகர் வந்தார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அண்ணாச்சி. மனசத் திடப்படுத்தணும். நம்ம…"

நிறுத்தினார்.

ஒரு மூச்சு.

அந்த நிறுத்தம் போதும். மிச்சத்தை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஜினி காலையில் திருவனந்தபுரத்தில் இறங்கி டாக்சி பிடித்திருக்கிறாள். மழை. பாறசாலை தாண்டி, களியக்காவிளைக்கு முன்னால், எதிரே கல் ஏற்றி வந்த டாரஸ் லாரி. அந்த இடத்திலேயே முடிந்துவிட்டது. டிரைவருக்குக் கால் போயிற்று, உயிர் போகவில்லை.

அவளுக்கு அறிவிப்பு செய்தது, மாமனாரைக் காலஞ்சென்றவர் ஆக்கிய அந்த இன்னொரு மைக் செட்காரர். வீட்டு வாசலில் நின்று, "இதில ஆரெல்லாம் இல்ல?" என்று இரண்டு பேரிடம் கேட்டுவிட்டுத்தான் படித்தாராம். சத்தியநேசன் பெயரைச் சொல்லும்போது அவர் 'காலஞ்சென்ற' சேர்க்க வேண்டியிருக்கவில்லை.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் எழுதியிருக்கமாட்டேன்.

மாதங்கள் போய், கிறிஸ்துமஸ் வந்தது. எல்லா வீட்டிலும் நட்சத்திரம் தொங்கியது. புன்னவிளை வீட்டில் மட்டும் இல்லை. ஒரு பகலில் கேட்டுக்கு வெளியே ஆட்டோ வந்து நின்றது. கம்பு ஊன்றிக்கொண்டு ஒருவர் இறங்கினார். தேங்காப்பட்டணத்துக்காரர், பெயர் நஸீம். அந்த டாக்சியை ஓட்டியவர்.

நாற்காலி போட்டும் ரொம்ப நேரம் உட்காரவில்லை.

"அண்ணே, இத நான் போலீஸ்ல பறயல்ல. பறஞ்சா வட்டு, கிறுக்குன்னு நினைப்பாவ. உங்ககிட்ட சொல்லாம எனக்கு உறக்கம் வரல்ல."

"சொல்லும்."

"பாறசாலை தாண்டினதும் எனக்க வண்டி ஸ்கிரீன் தானா எரிஞ்சுது. பாட்டு போடல்ல. ரேடியோ இல்ல. ஒரு வயசான ஆளுக்க சத்தம். மரண அறிவிப்பு படிக்குது. நான் ஆஃப் செஞ்சேன். போவல்ல. பின்னயும் அமுக்கினேன். போவல்ல."

சத்தியநேசன் அசையவில்லை. அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த தேவகனியின் கை நின்றது.

"பின்னால இருந்து உங்க மக, அந்தக் கொச்சு, சொல்லிச்சு, 'அணைக்காதீங்க, அது எங்க அப்பா சத்தம்'னு. பெல்ட்ட கழத்திட்டு, ரெண்டு சீட்டுக்கும் நடுவுல சாஞ்சு, காது குடுத்துக் கேட்டுது. கேக்கக் கேக்க அழுதுச்சு. அப்பா போயிட்டாருன்னு நினைச்சிருக்கும்."

"பெறவு?"

"பெறவு அதுக்க பேரு வந்துது அண்ணே."

"அவ என்ன சொன்னா?"

நஸீம் கம்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"'எதுக்கு எங்க அப்பா என்னையும் செத்தவங்க கூடச் சேத்துச் சொல்றாரு?'ன்னு எங்கிட்ட கேட்டுது. நான் திரும்பி அதுக்க மொகத்தப் பாத்தேன். ஒரு நொடியாக்கும். அவ்வளவுதான்."

 அடுக்களையில் குழாய்த் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

சத்தியநேசன் கேட்டார்.

"பேரு சொன்ன பெறவு, நடுவுல ஒரு இரைச்சல் வந்திருக்குமே?"

"இரைச்சலா? இல்லியே. மொத்தமும் தெளிவா கேட்டுது."

"வயசும் சொல்லிச்சா?"

"சொல்லிச்சு."

"எத்தனை?"

நஸீம் அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"தொண்ணூத்தொண்ணு."

சத்தியநேசனுக்கு இப்போது ஐம்பத்தெட்டு. ஆபரேஷன் செய்த இதயம் நன்றாக ஓடுகிறது என்று ஒவ்வொரு தடவையும் டாக்டர் சொல்கிறார்.